அதிவேக ரயில் என்பது வண்டியா, பாதையா?

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து உறவினர்கள் வந்து சேரும்போதெல்லாம் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரே உரையாடல் திரும்பத் திரும்ப நடக்கிறது. கொழும்பு கோட்டையில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கிய களைப்பு முகத்தில் தெரிய, பரிஸிலிருந்து வந்தவர், தாம் அங்கே லியோன் நகருக்கு இரண்டு மணித்தியாலத்தில் போய் இறங்கிவிடுவதாகச் சொல்வார். அந்தத் தூரம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான ரயில் பாதை ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உடனே இருப்பவர்களில் ஒருவர், "அப்ப அந்த எஞ்சினை வாங்கி இங்க விட்டால் சரிதானே" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்பதால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் பிழையை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அதிவேக ரயிலின் வேகம் எஞ்சினுக்குள் அடைபட்டிருக்கும் ஒரு பொருளன்று. அது பாதையிலும், வளைவிலும், மின்கம்பியிலும், சமிக்ஞையிலும், வேலியிலும்கூடப் பரவிக் கிடக்கிறது. எப்படி என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதுகிறேன். பௌதிகவியல் படித்திராதவரும் தொடர்ந்து வாசிக்கலாம்.

முதலில் பெயர்களைத் தெளிவாக்குவோம்

"புல்லட் ரயில்" என்ற பெயர், 1930களின் இறுதியில் ஜப்பான் வகுத்துப் பின்னர் போரினால் நின்றுபோன ஒரு ரயில் திட்டத்துக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்தது. 1964இல் அந்தக் கனவு வேறொரு வடிவில் நிறைவேறியபோது ஜப்பானியர் அதற்கு இட்ட பெயர் ஷின்கான்சென். அதன் பொருள் "புதிய பிரதான பாதை" என்பதாகும். உலகமே வண்டியின் கூர்மூக்கைப் பார்த்து வியந்துகொண்டிருந்த வேளையில், அதைக் கட்டியவர்கள் பாதைக்குத்தான் பெயர் வைத்தார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதன் பாதி அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அதிவேக ரயில்கள் காந்தத்தில் மிதந்து ஓடுகின்றன என்பது பரவலான இன்னொரு எண்ணம். காந்தமிதப்பு ரயில் என்பது தனி வகை. சீனாவில் ஷாங்காய் விமான நிலையத்திலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் ஓடும் வண்டி அவ்வகையைச் சேர்ந்தது. ஜப்பானில் 2015இல் அத்தகைய ஒரு வண்டி சோதனை ஓட்டத்தில் மணிக்கு 603 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது. ஆனால் பரிஸிலும் தோக்கியோவிலும் பெய்ஜிங்கிலும் நாளாந்தம் மக்களை ஏற்றிச் செல்லும் அதிவேக ரயில்கள், எங்கள் யாழ்தேவியைப் போலவே, உருக்குத் தண்டவாளத்தில் உருக்குச் சில்லால் ஓடுபவை.

சென்னைக்குப் போய் வருபவர்கள் வந்தே பாரத் ரயிலைப் பற்றியும் இதே பெயரில் பேசுகிறார்கள். அது நல்ல வண்டி. எனினும் ஏற்கெனவே உள்ள பாதைகளில் அதிகபட்சம் மணிக்கு 160 கிலோமீற்றரில் ஓடுவது. சர்வதேச ரயில்வே ஒன்றியத்தின் வழமையான வரையறைப்படி, புதிதாக அமைக்கப்பட்ட பாதையில் மணிக்கு 250 கிலோமீற்றர் அல்லது அதற்கு மேல், அல்லது மேம்படுத்தப்பட்ட பழைய பாதையில் சுமார் 200 கிலோமீற்றர் என்பதே அதிவேகத்தின் எல்லை. அந்த வரையறையும் பாதையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உச்ச வேகமும் சராசரி வேகமும்

திருநெல்வேலிச் சந்தையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போகும் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மூச்சுவாங்க மிதித்து, ஒவ்வொரு சந்தியிலும் நின்று, மறுபடி மிதிக்கிறார். மற்றவர் நிதானமாக, ஆனால் எங்கும் நிற்காமல் போகிறார். பல வேளைகளில் இரண்டாமவரே முதலில் போய்ச் சேருவார். முதலாமவரின் மிக வேகமான கணம் அவரது உச்ச வேகம். முழுத் தூரத்தையும் முழு நேரத்தால் வகுத்தால் கிடைப்பது சராசரி வேகம்.

விளம்பரங்கள் உச்ச வேகத்தைச் சொல்கின்றன. பயணியின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது சராசரி வேகம். தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான 515 கிலோமீற்றரை இன்றைய மிக விரைவான வண்டிகள் இரண்டரை மணித்தியாலத்துக்கும் குறைவாகக் கடக்கின்றன. அங்கே உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீற்றர். சராசரி 200க்கு மேல். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி இருப்பதுதான் உண்மையான சாதனை. அதை எட்டுவதற்கு வழியில் எங்கும் வேகம் குறையக்கூடாது. வேகத்தைக் குறைக்க வைக்கும் முதற் காரணம் வளைவு.

வளைவு என்ன செய்கிறது

முடக்கில் வேகமாகத் திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. கை தானாகவே கம்பியைத் தேடுகிறது. உடல் நேரே போக முயல்கிறது, பஸ்ஸோ திரும்புகிறது. அந்த முரண்பாட்டைத்தான் நாம் வெளித்தள்ளலாக உணர்கிறோம். இந்தத் தள்ளலின் அளவு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்காகும்; மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும்.

இதை எங்கள் பாதைக்குப் பொருத்திப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீற்றரில் போகும் வண்டி, 700 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவில் ஓரளவு வசதியாகத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆரை என்பது அந்த வளைவை முழு வட்டமாக நீட்டினால் அதன் மையத்திலிருந்து விளிம்பு வரையான தூரம். அதே வசதியோடு மணிக்கு 300 கிலோமீற்றரில் திரும்ப வேண்டுமானால் ஆரை ஒன்பது மடங்காக, அதாவது 6,300 மீற்றராக இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய வளைவை வரைபடத்தில் வரைந்தால் அது வளைவென்றே கண்ணுக்குத் தெரியாது. இடையில் ஒரு குளமோ கோயிலோ ஊரோ வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லை. மேலால் பாலம் அமைக்க வேண்டும், கீழால் குடைய வேண்டும், அல்லது நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும். அதிவேகப் பாதைகளின் செலவில் பெரும் பகுதி இதில்தான் போகிறது.

இந்தத் தேவையைக் கொஞ்சம் குறைக்க ஒரு வழி உண்டு. சைக்கிளில் திரும்பும்போது நாம் உட்பக்கமாகச் சாய்வதைப் போல, வளைவில் வெளித் தண்டவாளத்தை உட்தண்டவாளத்தைவிடச் சற்று உயர்த்திப் போடுகிறார்கள். இதை வளைவுச் சாய்வு என்போம். ஆனால் சாய்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மிகவும் சாய்ந்த வளைவில் சுமை ஏற்றிய சரக்கு வண்டி மெதுவாகப் போனால், அதன் பாரம் முழுவதும் உட்தண்டவாளத்தில் இறங்கி அதைத் தேய்த்துவிடும். விரைவாகப் போகும் வண்டியும் ஊர்ந்து போகும் வண்டியும் ஒரே பாதையைப் பகிர முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

பாதை வளைவதைப் போல ஏறி இறங்கவும் செய்கிறது. இங்கே அதிவேக ரயிலுக்கு ஒரு சாதகம் உண்டு. வலுவும் வேகமும் கூடிய வண்டி, சாதாரண ரயில் திணறும் ஏற்றத்தை எளிதாக ஏறிவிடும். பரிஸ்–லியோன் அதிவேகப் பாதையில் 100 மீற்றருக்கு 3.5 மீற்றர் உயரும் ஏற்றங்கள் இருக்கின்றன; அதனால் அந்தப் பாதைக்கு ஒரு சுரங்கம்கூடத் தேவைப்படவில்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பயணியின் நேரத்தைத் தீர்மானிப்பது சராசரி வேகம், அது உயர வேண்டுமானால் பாதை ஏறத்தாழ நேராக இருக்க வேண்டும், நேரான பாதை கேட்பது நிலம்.

சில்லு ஏன் தண்டவாளத்தைவிட்டு இறங்குவதில்லை

என் மாணவர்கள் இந்தப் பகுதியைத் தரையில் குந்தியிருந்து படித்தவர்கள். தேநீர்க் கடையில் தரும் கடதாசிக் கோப்பைகள் இரண்டை எடுத்து, வாயோடு வாய் பொருத்தி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய ஓர் உருளை கிடைக்கும். இரண்டு நீண்ட தடிகளைச் சமாந்தரமாகச் சற்றுச் சரிவாக வைத்து, அவற்றின்மேல் அதை உருளவிடுங்கள். கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அது இடமும் வலமும் அசைந்து, தானாகவே நடுவுக்கு வந்து, கீழ் முனை வரை உருண்டு போகும். பிறகு கோப்பைகளை அடியோடு அடி பொருத்தி ஒட்டி உருட்டிப் பாருங்கள். ஒரு சாண் தூரம் போவதற்குள் விழுந்துவிடும்.

ரயில் சில்லும் முதலாவது கோப்பைச் சோடியைப் போன்றது. அதன் ஓடும் பரப்பு தட்டையாக இருப்பதில்லை. உட்புறம் சற்றுப் பெருத்தும் வெளிப்புறம் சற்றுச் சிறுத்தும் கூம்பு வடிவில் இருக்கும். வண்டி ஒரு பக்கம் விலகினால் அந்தப் பக்கச் சில்லின் பெரிய விட்டம் தண்டவாளத்தில் படும். அது சுற்றொன்றுக்குக் கூடுதல் தூரம் உருண்டு, வண்டியை நடுவுக்குத் திருப்பிவிடும். சில்லின் உள்விளிம்பில் உள்ள தடுப்பு கடைசிக் காவல் மட்டுமே.

மெதுவாக ஓடும்போது வரமாக இருக்கும் இந்தக் குணம், வேகம் கூடும்போது ஆபத்தாக மாறுகிறது. நடுவுக்குத் திரும்பும் அசைவு நடுவில் நிற்காமல் மறுபக்கம் போய், மறுபடி இப்பக்கம் வந்து, ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே போகும். ஜப்பானியர் இதைப் பாம்பின் நெளிவைக் குறிக்கும் சொல்லால் அழைக்கிறார்கள். நாம் நெளிவாட்டம் எனலாம். ஒரு குறித்த வேகத்தைத் தாண்டினால் நெளிவாட்டமே வண்டியைத் தடம்புரட்டிவிடும். போர்க் காலத்தில் விமானச் சிறகுகளின் அதிர்வை ஆராய்ந்த ததாஷி மட்சுதைரா என்ற பொறியியலாளர், போருக்குப் பின் ஜப்பானிய ரயில் ஆய்வகத்துக்கு வந்து, இரண்டும் அடிப்படையில் ஒரே வகை அதிர்வுப் பிரச்சினை என்று கண்டுகொண்டார். பெட்டிகளைத் தாங்கும் சில்லுத்தொகுதிக்கு இடப்படும் வில்களையும் அதிர்வுத் தணிப்பிகளையும் சரியான அளவில் அமைத்ததன் மூலம் அந்த ஆட்டம் அடக்கப்பட்டது. அந்த ஆய்வு நடந்திராவிட்டால், எவ்வளவு வலுவான மோட்டார் இருந்தும் 1964இல் அந்த வண்டி ஓடியிருக்க முடியாது.

தண்டவாளத்துக்கும் இதில் பங்கு உண்டு. பழைய பாதையில் தண்டவாளத் துண்டுகளுக்கு இடையிலான இடைவெளிகளில் சில்லு விழுந்தெழும் "தடக் தடக்" ஓசை எங்கள் காதுக்குப் பழகியது. அதிவேகப் பாதையில் தண்டவாளங்கள் கிலோமீற்றர் கணக்கில் இடைவெளியின்றி உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். பல இடங்களில் சல்லிக்கல்லுக்குப் பதிலாகக் கொங்கிறீற்றுப் பலகைமேல் அவை பொருத்தப்படுகின்றன. பாதை நகராமல் நெடுங்காலம் அதே இடத்தில் கிடக்கும் என்பது அதன் நன்மை.

காற்றும் மின்சாரமும்

கச்சான் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவர்களுக்குக் காற்றின் கனம் தெரியும். காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடுகிறது. மணிக்கு 100 கிலோமீற்றரிலிருந்து 300க்குப் போனால் எதிர்ப்பு ஒன்பது மடங்காகும். அந்த எதிர்ப்பை மூன்று மடங்கு வேகத்தில் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால், அதற்குத் தேவையான வலு, அதாவது ஒரு செக்கனில் செலவாகும் சக்தி, 27 மடங்காகும். மூக்கு நீண்டு கூர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். சுரங்கத்துக்குள் வேகமாக நுழையும் வண்டி காற்றை முன்னே அழுத்தித் தள்ளுவதால், சுரங்கத்தின் மறுவாயிலில் வெடிச்சத்தம் போன்ற ஓசை எழுவது மற்றொரு காரணம். ஜப்பானில் 1997இல் ஓடத் தொடங்கிய ஒரு வண்டி வகையின் மூக்கை வடிவமைத்த எய்ஜி நகாட்சு பறவைகளை உற்றுநோக்கும் பழக்கமுள்ளவர். நீர் தெறிக்காமல் பாய்ந்து மீனைக் கொத்தும் மீன்கொத்தியின் அலகு அவருக்கு வழிகாட்டியது.

இவ்வளவு வலு எங்கிருந்து வரும்? சுவாமி வெளிவீதி வரும்போது சோடனை விளக்குகளுக்காகப் பின்னால் உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு ஜெனரேற்றரை இழுத்துக்கொண்டு வருவார்கள் அல்லவா? டீசல் ரயில் அத்தகையது. தன் மின்நிலையத்தையும் எரிபொருளையும் தானே சுமந்துகொண்டு ஓட வேண்டும். வலு கூடக் கூடச் சுமையும் கூடும். அந்தச் சுமையை இழுக்க இன்னும் வலு வேண்டும். மின்சார ரயிலோ மேலே செல்லும் கம்பியிலிருந்து மின்னைப் பெறுகிறது. மின்நிலையம் எங்கோ தொலைவில் நிலத்தில் இருக்கிறது. பிரான்சில்கூட முதலில் செய்து பார்த்த மாதிரி வண்டி எரிவாயுச் சுழலியால் ஓடுவதாகவே இருந்தது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அதைக் கைவிட்டு மின்சாரத்துக்கு மாறினார்கள். பெரும்பாலான அதிவேகப் பாதைகளில் மேற்கம்பியில் 25,000 வோல்ற் மின்னழுத்தம் இருக்கிறது. எங்கள் நாட்டில் ரயில்கள் இன்றும் டீசலில் ஓடுகின்றன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியிலிருந்து மின்னைப் பெற, வண்டியின் கூரையில் மடிந்து விரியும் ஒரு கை, கம்பியைத் தொட்டுக்கொண்டே ஓடுகிறது. உடுப்புக் காயும் கொடியை ஒரு முனையில் தட்டினால் ஓர் அலை மறுமுனைக்கு ஓடுவதைக் காணலாம். கம்பியிலும் அப்படியே அலை எழுகிறது. வண்டியின் வேகம் அந்த அலையின் வேகத்தை நெருங்கினால் கம்பி எகிறி, தொடுகை அறுந்துவிடும். அதனால் கம்பியை மிக இறுக்கமாக இழுத்துக் கட்ட வேண்டும். 2007இல் பிரான்சில் ஒரு சிறப்பு வண்டி மணிக்கு 574.8 கிலோமீற்றரை எட்டியபோது, அந்த ஓட்டத்துக்காகக் கம்பியின் இறுக்கத்தையும் மின்னழுத்தத்தையும் கூட்டினார்கள், சில்லுகளையும் பெரிதாக்கினார்கள். அதுவும் தனித்த எஞ்சினின் வெற்றியாக இருக்கவில்லை.

நிறுத்துவதே கடினமானது

ஓட வைப்பதைவிட நிறுத்துவது கடினம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பொதுப் பேச்சில் முற்றாக மறக்கப்படும் பகுதி இதுதான். ஓடும் வண்டிக்குள் இருக்கும் இயக்கச் சக்தியும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரே அளவு அமர்முடுகலில், அதாவது வேகத்தை ஒரே வீதத்தில் குறைத்துக்கொண்டு வந்தால், மூன்று மடங்கு வேகத்தில் போகும் வண்டி நிற்க ஒன்பது மடங்கு தூரம் எடுக்கும். உருக்கின்மேல் உருக்கு உராயும்போது பிடிப்பும் குறைவு. மணிக்கு 300 கிலோமீற்றரில் போகும் வண்டி அவசரமாக நிறுத்தப்பட்டாலும், நிற்பதற்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் தேவைப்படும். யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் பிரேக் பிடித்தால் கொக்குவிலில்தான் நிற்கும்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. முதலாவது, பாதையோர விளக்குச் சமிக்ஞை பயன்படாது. அந்த வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் 83 மீற்றர் ஓடுகிறது. சாரதி விளக்கைக் கண்டு, நிறத்தை அறிந்து, முடிவெடுப்பதற்குள் அது பின்னால் போய்விடும். ஆகையால் "இந்த இடத்தில் இவ்வளவு வேகத்தில்தான் போகலாம்" என்ற செய்தி பாதையிலிருந்து நேரே சாரதியின் முன்னுள்ள பலகைக்கு வருகிறது. சாரதி மீறினால் பொறி தானே பிரேக் பிடிக்கிறது. இதைத் தன்னியக்க ரயில் கட்டுப்பாடு என்போம். ஷின்கான்சென்னில் 1964இலிருந்தே இது இருக்கிறது.

இந்தக் காவல் இல்லாத இடத்தில் நடக்கக்கூடியதை 2013 ஜூலையில் ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்கு அருகே உலகம் கண்டது. மணிக்கு 80 கிலோமீற்றர் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வளைவுக்குள் ஒரு விரைவு ரயில் 179 கிலோமீற்றரில் நுழைந்தது. சாரதியின் கவனம் தொலைபேசி அழைப்பொன்றினால் சிதறியிருந்தது. தானாக நிறுத்தும் முழுமையான கட்டுப்பாடு அந்த வளைவில் இருக்கவில்லை. மேலே சொன்ன வர்க்கக் கணக்கைப் போட்டால், வண்டியை வெளியே தள்ளிய விசை அனுமதிக்கப்பட்ட அளவைப் போல ஐந்து மடங்கு. ஏறத்தாழ 80 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது விளைவு வேலி. மாலை நேரத்தில் எங்கள் ஒழுங்கை ரயில் பாதையைச் சந்திக்கும் கடவையில் நின்று பாருங்கள். மணி அடிக்கத் தொடங்கும், சிவப்பு விளக்கு மாறி மாறி எரியும், தடி மெல்ல இறங்கும். இறங்கிய பிறகும் ஒருவர் சைக்கிளைச் சரித்துத் தடியின் கீழால் நுழைந்து மறுபக்கம் போவார். எதிர்ப்பக்கத்தில் ஒரு மாடு தண்டவாள ஓரத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருக்கும். வண்டி நிற்கக் கிலோமீற்றர் கணக்கில் தூரம் வேண்டியிருக்கும்போது இத்தகைய இடம் ஒன்றுகூட இருக்க முடியாது. ஷின்கான்சென்னின் அதிவேகப் பாதைகளில் கடவையே இல்லை. ஒவ்வொரு தெருவும் மேலாலோ கீழாலோ போகிறது. பாதையின் இரு மருங்கும் முழுமையாக அடைக்கப்பட்டிருக்கிறது.

சுருங்கச் சொன்னால், வேகம் மூன்று மடங்கானால் வளைவுத் தள்ளல், காற்றெதிர்ப்பு, நிறுத்தும் தூரம் ஆகிய மூன்றும் ஒன்பது மடங்காகின்றன. இம்மூன்றுக்கும் ஈடு கொடுக்க வேண்டியவை பாதையும் மின்கம்பியும் கட்டுப்பாட்டு முறையும்.

ஜப்பானிலிருந்து உலகுக்கு

ஷின்கான்சென் பிறந்தது வேக ஆசையால் மட்டும் என்று நினைப்பது தவறு. தோக்கியோ–ஒசாகா பழைய பாதை, பயணிகளாலும் சரக்காலும் இனிமேல் ஒரு வண்டியும் சேர்க்க முடியாத அளவுக்கு நிறைந்துவிட்டிருந்தது. கார்களும் விமானங்களும் ரயிலின் காலத்தை முடித்துவிடும் என்று பலர் நம்பிய வேளையில், ஜப்பானிய தேசிய ரயில்வேயின் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியியலாளர் ஹிதேயோ ஷிமாவும், பழைய ஒடுங்கிய பாதைக்குப் பக்கத்தில் இன்னொன்றைச் சேர்ப்பதை விட்டு, 1,435 மில்லிமீற்றர் அகலத்தில் முற்றிலும் தனியான பாதையைக் கட்டினார்கள். ஒற்றை எஞ்சின் எல்லாப் பெட்டிகளையும் இழுக்கும் முறையையும் விட்டு, வண்டி முழுவதும் மோட்டார்களைப் பகிர்ந்து பொருத்தினார்கள். உலக வங்கி 80 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. செலவு மதிப்பீட்டை மிகவும் தாண்டியது. 1964 அக்டோபர் 1ஆம் திகதி முதல் வண்டி புறப்பட்டபோது அவர்கள் இருவரும் பதவியில் இருக்கவில்லை. அந்தச் செய்தியை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கவலையாக இருக்கும்.

பிரான்ஸ் 1981இல் பரிஸ்–லியோன் சேவையைத் தொடங்கியது. அங்கே வண்டிகள் ஊர்களுக்கு இடையே புதிய பாதையிலும், நகருக்குள் பழைய பாதையிலும் ஓடின. நகர மையத்தில் நிலம் தேடும் செலவு அதனால் மிச்சமானது. ஜேர்மனி 1991இலும் ஸ்பெயின் 1992இலும் சேர்ந்துகொண்டன. சீனா 2008இல் பெய்ஜிங்–தியென்சின் பாதையோடு தொடங்கி, இன்று 40,000 கிலோமீற்றருக்கும் மேல் கட்டி முடித்திருக்கிறது. 2018இல் மொறோக்கோவும் 2023இல் இந்தோனேசியாவும் வந்தன.

பயன் யாருக்கு, எங்கே

பாதுகாப்பை முதலில் சொல்ல வேண்டும். ஷின்கான்சென்னில் அறுபது ஆண்டுகளில் மோதலாலோ தடம்புரள்வாலோ ஒரு பயணிகூட இறக்கவில்லை, பூமி அடிக்கடி நடுங்கும் நாடாக இருந்தும். நிலநடுக்கத்தின் முதல் மெல்லிய அலையை உணர்ந்தவுடனேயே மின்சாரத்தை நிறுத்தி வண்டிகளை நிறுத்தத் தொடங்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. எல்லா நாடுகளுக்கும் இந்தப் பெருமை கிடைக்கவில்லை. 1998இல் ஜேர்மனியின் எஷெட் நகரில் ஒரு சில்லின் வெளிவளையம் உடைந்ததால் 101 பேர் இறந்தார்கள். 2011இல் சீனாவின் வென்சோவில் சமிக்ஞைக் கோளாறால் 40 பேர் இறந்தார்கள்.

இடவசதி அடுத்தது. தோக்கியோ–ஒசாகா வண்டி ஒவ்வொன்றிலும் 16 பெட்டிகளும் 1,323 இருக்கைகளும் உண்டு. நெரிசல் நேரத்தில் அவை சில நிமிட இடைவெளியில் புறப்படுகின்றன. விரைவு வண்டிகள் விலகிப்போனதும் பழைய பாதை உள்ளூர்ப் பயணிகளுக்கும் சரக்குக்கும் விடுபடுகிறது. இந்தப் பயனைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. எனக்கோ இதுவே மிகப் பெரிய பயனாகப் படுகிறது. விமானத்தோடு ஒப்பிட்டால் ஒரு பயணிக்குச் செலவாகும் சக்தி மிகக் குறைவு. நகர நடுவில் ஏறி நகர நடுவில் இறங்கலாம். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் அடங்கும் பயணங்களில் மக்கள் விமானத்தைவிட்டு ரயிலுக்கு மாறியதற்கு பரிஸ்–லியோனும் மாட்ரிட்–பார்சிலோனாவும் சாட்சி.

"தாய்வான் எங்களைவிடச் சின்னத் தீவு, அங்கே ஓடுகிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2007இல் திறக்கப்பட்ட அந்தச் சுமார் 350 கிலோமீற்றர் பாதையில் ஒன்றரை மணித்தியாலம் அளவில் வடக்கிலிருந்து தெற்குக்குப் போகலாம். ஆனால் அத்தீவின் பெரு நகரங்கள் அனைத்தும் மேற்குக் கரையில் மாலை தொடுத்ததுபோல் ஒரே கோட்டில் இருக்கின்றன. மக்கள் தொகையின் பெரும் பகுதி அங்கேதான் வாழ்கிறது. அப்படியிருந்தும் அதை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கி, 2015இல் அரசாங்கம் தலையிட்டு நிதியை மறுசீரமைக்க வேண்டி வந்தது.

எங்கள் பாதையின் கணக்கு

வடக்குப் பாதை 1905இல் முழுமை பெற்றது. யாழ்தேவி 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 2014 அக்டோபரில் மீண்டும் வந்தது. ஓமந்தைக்கு வடக்கே பாதையை அடியிலிருந்து புதிதாக அமைத்தார்கள். அதன்பின் மாகோவுக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பழைய பகுதியும் கட்டங்களாகத் திருத்தப்பட்டது. வன்னியின் சமதரையில் வளைவு பெரிய தடையன்று. தண்டவாள அகலமும் தடையன்று. எங்களுடையது 1,676 மில்லிமீற்றர், ஷின்கான்சென்னைவிட அகலம். தடைகள் வேறு: பொல்காவலைக்கு வடக்கே ஒற்றைப் பாதை, மின்கம்பி இல்லாமை, எண்ணற்ற கடவைகள்.

விறாந்தையில் கேட்கப்பட்ட கேள்விக்கு ஓர் எளிய கணக்கால் விடை சொல்கிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. 400 கிலோமீற்றரில் 300ஐ மணிக்கு 100 கிலோமீற்றரிலும், மீதி 100ஐ மணிக்கு 40 கிலோமீற்றரிலும் ஒரு வண்டி கடக்கிறது என்க. மூன்று மணித்தியாலமும் இரண்டரை மணித்தியாலமும் சேர்ந்து ஐந்தரை. இப்போது பெருஞ்செலவில் புதிய வண்டி வாங்கி, வேகமான பகுதியை 150 கிலோமீற்றராக்கினால் ஒரு மணித்தியாலம் மிச்சமாகும். அதைவிட்டு, மெதுவான பகுதியை 40இலிருந்து 80 ஆக்கினால் ஒன்றேகால் மணித்தியாலம் மிச்சமாகும். 80 கிலோமீற்றர் என்பது எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் வண்டிகளால் இயலக்கூடிய வேகம்.

ஆகவே நான் வேண்டுவது புல்லட் ரயில் அன்று. சந்திக்கும் நிலையங்களில் நீண்ட இரண்டாம் தடங்கள், நெரிசலான கடவைகளுக்கு மேம்பாலங்கள், தெற்குப் பகுதியில் இரட்டைப் பாதை, நம்பத்தக்க சமிக்ஞை ஆகியவற்றையே வேண்டுகிறேன். கடைசியாகக் கொழும்பிலிருந்து திரும்பிய பயணத்தில், வன்னியின் ஒரு சின்ன நிலையத்தில் எதிர்வண்டிக்காக 20 நிமிடம் நின்றோம். மேடையில் ஒரு நாய் படுத்திருந்தது. கச்சான் விற்கும் பெண் பெட்டி பெட்டியாக நடந்துபோனார். நிலைய அதிபர் கையில் பச்சைக் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டு வடக்கே பார்த்தபடி நின்றார். எனக்கு எதிரே இருந்த பையனிடம் கைக்கடிகாரத்தைக் காட்டி, மணிக்கு 100 கிலோமீற்றரில் இந்த 20 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போயிருப்போம் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணி, 33 கிலோமீற்றர் என்றான். ஏறத்தாழப் பளையிலிருந்து நாவற்குழி வரை.